பிப்ரவரி 29க்கு ஒரு போஸ்டர்

குடும்பக் குழுவில் மச்சான் ஒரு ஃபார்வர்டு அனுப்பியிருந்தார். கண்ணதாசன் பிறந்தது 1927 ஜூன் 24, எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தது 1928 ஜூன் 24. ஆகவே அது இசைக்கென்றே ஆண்டவன் ஒதுக்கிய தேதி, அன்று பிறக்கும் பிள்ளைகளைப் பாட்டு வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்று முடிந்தது. கீழே வரிசையாகக் கும்பிடுகள். பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. அங்கே போட்டால் அக்கா கோபித்துக்கொள்ளும் என்பதால் இங்கே.

எனக்குத் தேதிதான் பிழைப்பு. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சின்னதாக ஓர் அச்சகம். கல்யாணம், காதணி விழா, பூப்புனித நீராட்டு, முப்பதாம் நாள் காரியம் எல்லாம் அடிக்கிறேன். பத்திரிகை என்றால் தமிழ் வருஷம், மாதம், திதி, நட்சத்திரம், அப்புறம்தான் இங்கிலீஷ் தேதி. ஒன்று பிசகினாலும் மொத்தத்தையும் என் செலவில் திரும்ப அடிக்க வேண்டும். அதனால் தேதி மேல் எனக்குப் பயம் உண்டு. பக்தி கிடையாது.

மச்சான் சொல்கிற மாதிரி தேதிக்குச் சக்தி உண்டென்றால் மே 7ஐப் பாருங்கள். ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் இருவர் பிறந்த நாள். ஹாம்பர்க்கில் பிராம்ஸ், 1833. ரஷ்யாவில் சைகோவ்ஸ்கி, 1840. சைகோவ்ஸ்கிக்கு பிராம்ஸின் இசை கடைசிவரை ஒத்துவரவில்லை. நாட்குறிப்பில் கண்டபடி திட்டி வைத்திருக்கிறார். 1888 புத்தாண்டன்று லைப்சிக்கில் ஒரு வீட்டில் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டார்கள். ஆளைப் பிடித்துப்போனது, இசை பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் சைகோவ்ஸ்கியின் ஐந்தாவது சிம்பொனி ஒத்திகையைக் கேட்பதற்காகவே பிராம்ஸ் ஹாம்பர்க்கில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினார். கேட்டுவிட்டு, கடைசிப் பகுதி எனக்குச் சரிப்படவில்லை என்று ஒளிக்காமல் சொல்லியும் விட்டார். சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டில் உப்பைப் பற்றிச் சொல்ல நமக்கு அந்தத் தைரியம் வருமா?

அதிலும் அந்த மே 7ஏ ஒட்டுப்போட்ட தேதி. ரஷ்யாவில் அப்போது பழைய ஜூலியன் காலண்டர். சைகோவ்ஸ்கியைப் பெற்ற அம்மாவுக்கு அன்று ஏப்ரல் 25. பன்னிரண்டு நாளைக் கூட்டினால்தான் பிராம்ஸோடு சேரும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் கதை இன்னும் வேடிக்கை. அவர் ஊர்ப் பழைய கணக்கில் 1685 மார்ச் 21. அப்படி வைத்தால் நம் ஷெனாய் மேதை பிஸ்மில்லா கானுக்கு ஜோடி (1916 மார்ச் 21). புதுக் கணக்குக்கு மாற்றினால் மார்ச் 31, அப்போது ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனுக்கு ஜோடி (1732 மார்ச் 31). பிறந்தது ஒருமுறைதான், காலண்டரை மாற்றினால் கூட்டாளி மாறிவிடுகிறார்.

நம் கர்நாடக சங்கீத ஆட்களிடம் வந்தால் தேதியே பின்னால் ஒட்டியதுதான். சுவாதித் திருநாளுக்கு நட்சத்திரமே பெயர். தியாகராஜருக்காகத் திருவையாற்றில் கூடுவது அவர் பிறந்த நாளில் இல்லை, மறைந்த திதியில். சியாமா சாஸ்திரிக்கும் முத்துசுவாமி தீட்சிதருக்கும் ஜன்ம நட்சத்திரம் கிருத்திகை என்பார்கள், ஒருவருக்குச் சித்திரையில், இன்னொருவருக்குப் பங்குனியில். ஊரும் ஒன்றே, திருவாரூர். பழைய கணக்கில் பிறந்தநாள் ஜோடி என்றால் இதுதான். ஆனால் இங்கிலீஷ் தேதி ஏப்ரல் 26, மார்ச் 24 என்று விலகி நிற்பதால் எந்த ஃபார்வர்டிலும் வராது.

தொழில்காரனாக ஒன்று சொல்லிவிடுகிறேன். தீட்சிதர் பிறந்த வருஷத்தைச் சிலர் 1775 என்றும் சிலர் 1776 என்றும் போடுகிறார்கள். மன்மத வருஷம் பங்குனி என்பதை வைத்துக் கணக்குப் போட்டால் 1776 மார்ச்தான் வரும். தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது, அதன் பங்குனி வரும்போது இங்கிலீஷ் வருஷம் ஒன்று கூடியிருக்கும். புதுப் பையன்கள் என் கடையிலேயே இந்த இடத்தில் வழுக்குவார்கள்.

எங்கள் பெரியப்பா சோழவந்தான் பக்கம் தவில் வாசித்தவர். அவரும், அவரோடு ஒரே செட்டில் நாகஸ்வரம் வாசித்தவரும் சான்றிதழ்ப்படி ஒரே நாளில் பிறந்தவர்கள், ஜூன் 1. தெய்வ சங்கல்பம் ஒன்றும் இல்லை. இருவரையும் பள்ளியில் சேர்த்த வாத்தியார் ஒருவரே. ஐந்து வயது ஆனதாகக் காட்ட ஜூன் 1 வசதியான தேதி, எழுதிவிட்டார். அப்பத்தாவைக் கேட்டால், பெரியவன் புட்டுத் திருவிழா அன்றைக்குப் பிறந்தான் என்று சொல்லும். புட்டுக்கு மண் சுமந்தது ஆவணி மூலம், ஆக மூல நட்சத்திரம், கணக்குச் சுத்தம். நாகஸ்வரக்காரர் அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் பிறந்தவராம். கிழக்கே போனால் திருவிழா, மேற்கே போனால் திருவிழா என்று வாசித்தே வாழ்ந்த இருவருக்கும் திருவிழாவே பிறந்தநாளாக இருந்ததை வெட்டிவிட்டு, ஜூன் 1ஐ ஒட்டினார்கள். அதிலும் வாத்தியார் வருஷத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார். கடைசிக் காலத்தில் இசைக் கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு மனுப் போட்டபோது, உங்களுக்கு இன்னும் வயசு வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பல் இல்லாத மனிதரிடம்!

பீத்தோவனுக்கே இந்தக் கதிதான் என்று பிற்பாடு தெரிந்து கொஞ்சம் ஆறுதல். அவருக்கு ஞானஸ்நானப் பதிவு மட்டுமே இருக்கிறது, 1770 டிசம்பர் 17. அவரோ தான் பிறந்தது 1772 என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தேதி விளையாட்டை நானும் விடவில்லை. எம்.எஸ்.சுப்புலட்சுமி பிறந்தது இதே மதுரையில், 1916 செப்டம்பர் 16. பாரிஸில் எத்தனையோ இசையமைப்பாளர்களை உருவாக்கிய ஆசிரியை நாடியா பூலான்ஜே 1887 செப்டம்பர் 16. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டான ப்ளூஸ் பாடிய பி.பி.கிங் 1925 செப்டம்பர் 16. ஒரு செப்டம்பரில் அச்சகத்தில் எம்.எஸ். ஓடி முடிந்ததும் பி.பி.கிங்கைப் போட்டேன். மிஷின்மேன் மையைத் துடைத்துக்கொண்டே, ‘அண்ணே, இது யாரு, ஒப்பாரி மாதிரி இருக்கு?’ என்றான். அவன் ஒரு வார்த்தை இங்கிலீஷ் அறியாதவன். ப்ளூஸ் பற்றி நான் வாசித்த எதுவும் அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. தேதி பொருந்தியிராவிட்டால் அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட எனக்கு எங்கே தோன்றியிருக்கும்?

என் செல்லத் தேதி வேறு. பிப்ரவரி 29. அன்று பிறந்தவர்களில் ஒருவர் இத்தாலி ஆபரா (பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகம்) இசையமைப்பாளர் ரோஸினி, 1792. முப்பத்தேழு வயதில் ஆபரா எழுதுவதை நிறுத்திவிட்டு, பிறகு பாரிஸில் விருந்தும் சாப்பாடுமாக இருந்தவர். சிம்மக்கல் கறிதோசை கிடைத்திருந்தால் இன்னொரு ஆபரா எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். 1800 லீப் வருஷம் இல்லை என்பதால் 76 வயது வாழ்க்கையில் அவருக்கு வாய்த்தது 18 பிறந்தநாள்.

இன்னொருவர் பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல், 1904 பிப்ரவரி 29. பிறந்த ஊர் மதுரை! இதை நான் எத்தனை மதுரைக்காரர்களிடம் சொல்லி, ‘நிஜமாவா?’ என்ற கேள்வியை வாங்கியிருக்கிறேன் தெரியுமா? அப்பா பொதுப்பணித்துறை இன்ஜினியர், மாற்றலில் குடும்பம் போய்விட்டது. அதனால் ஊர் மறந்தது என்றால், இங்கே வளர்ந்த எம்.எஸ்ஸை மட்டும் என்ன கொண்டாடிவிட்டோம்? அனுமந்தராயன் கோயில் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, எம்.எஸ்ஸின் அம்மா வீணை சண்முகவடிவு வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். ருக்மிணி தேவி சென்னையில் கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கியது 1936. எம்.எஸ். மதுரையை விட்டுச் சென்னை போனதும் 1936. ஒருவர் இன்ஜினியர் மகள், சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) ஆடிய குடும்பங்களின் கலையைக் கற்று, சீர்திருத்துகிறேன் என்று மேடையேற்றியவர். மற்றவர் அந்த இசைக் குடும்பங்களுக்குள்ளேயே பிறந்தவர். இரண்டு பேருக்கும் வேண்டியதைக் கொடுக்க மதுரையால் முடியவில்லை. பிறந்தநாள் பொருத்தத்தைவிட இந்த வருஷப் பொருத்தம்தான் என்னை உறுத்துகிறது.

மூன்றாவது ஆள் மொரார்ஜி தேசாய், 1896 பிப்ரவரி 29. 1900 லீப் வருஷம் இல்லாததால் அவருடைய முதல் பிறந்தநாள் எட்டு வருஷம் கழித்து 1904இல்தான் வந்தது. அதே நாளில்தான் மதுரையில் ருக்மிணி தேவி பிறக்கிறார். 1977இல் பிரதமராக இருந்த மொரார்ஜி, குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்துகிறேன் என்று அவரைக் கேட்டார். அம்மா மறுத்துவிட்டார். இதை மச்சானுக்குச் சொன்னால் உடனே ஃபார்வர்டு ஆக்கிவிடுவார், அதனால் சொல்லப் போவதில்லை.

இந்த ஊரில் வட்டச் செயலாளருக்குப் பிறந்தநாள் என்றாலே நாலு மாசி வீதியும் மறைகிற அளவுக்குப் போஸ்டர் வரும். பாதி என் கடையில்தான் அடிக்கிறார்கள், குறை சொல்ல எனக்கு வாயில்லை. அடுத்த பிப்ரவரி 29, 2028 செவ்வாய்க்கிழமை. ‘31ஆவது பிறந்தநாள் காணும் ருக்மிணி தேவி’, பக்கத்தில் கொஞ்சம் சின்னதாக ‘57ஆவது பிறந்தநாள் காணும் ரோஸினி’. எண்ணிப் பார்த்துவிட்டேன், கணக்குச் சரிதான். தாள், மை, பசை, ராத்திரி ஒட்டுகிற ஆள் எல்லாம் என் பொறுப்பு. தெற்கு மாசி வீதியில் சுவர் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள், கடைசி நேரத்தில் கட்சிக்காரர்கள் பிடித்துவிடுவார்கள்.