சங்கு செத்தவீட்டில் ஊதுவதுதான், அதற்கென்ன?

2024 ஜனாதிபதித் தேர்தலுக்குக் கொஞ்ச நாளுக்கு முன் எழுதுவது இது. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்தைப் பகிடி பண்ணிய அந்தக் கூட்டக் காணொளி இதற்குள் உங்களில் பாதிப்பேருக்கு வந்திருக்கும். எனக்கே ஏழு பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர், நிற்பது நான்தான் என்று தெரியாமலே "இந்தப் பகிடியைப் பாருங்கோ" என்று அனுப்பியிருந்தார். பார்த்தேன். வாசிகசாலையில் பின்வரிசைக் கதிரையில் இருந்து எழும்பி நிற்கிற வழுக்கைத்தலை நான்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சிரித்துக்கொண்டே "தம்பி, சங்கு செத்தவீட்டில ஊதுறது, அதுக்குப் போட்டு வாக்கை வீணாக்காதேங்கோ" என்று சொல்கிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நான் பெயர் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்த மனிசன்.

சனம் சிரிக்கிறது. காணொளி முடிகிறது. நான் என்ன கேட்டேன் என்பது அதில் இல்லை. வெட்டிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். நான் கேட்டது இதுதான்: "ஐயா, போன மூன்று தடவையும் நீங்கள் சொன்ன ஆளுக்குத்தான் போட்டோம். அந்த வாக்கெல்லாம் வீணாகாமல் என்ன ஆனது?"

அவ்வளவுதான். கத்தவில்லை, யாரையும் துரோகி என்று சொல்லவில்லை. வவுனியாவில் செப்டெம்பர் 1ஆம் திகதி கூடி, ஜனாதிபதி வேட்பாளர் சஜித் பிரேமதாசவுக்கு ஆதரவு என்று தமிழரசுக் கட்சி எடுத்த முடிவை விளங்கப்படுத்தத்தான் அந்தக் கூட்டம். விளங்கப்படுத்துகிற கூட்டத்தில் கேள்வி கேட்பது குற்றமா? கேள்விக்குப் பதில் பகிடி என்றால் பதில் இல்லை என்றுதானே அர்த்தம்.

இந்த "வீண்" என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. 39 பேர் நிற்கிறார்கள். ஒருவர் இடையில் காலமாகிவிட்டார். (39 பேரில் ஒரு பெண்கூட இல்லை, அதைப் பற்றி எந்த மேடையிலும் ஒருவரும் மூச்சுவிடக் காணோம். அது வேறு கதை.) அதில் அரியநேத்திரன் ஜனாதிபதி ஆகமாட்டார் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அரியநேத்திரனுக்கே தெரியும். இதைப் பெரிய கண்டுபிடிப்புப் போல வந்து என்னிடம் சொல்லாதீர்கள். வெல்கிறவருக்குப் போட்டால்தான் வாக்கு என்றால் தேர்தல் எதற்கு, குதிரைப் பந்தயம் வைக்கலாமே.

சரி, வீணாகாத வாக்குகளை ஒருக்கால் எண்ணிப் பார்ப்போம்.

2005 இல் எனக்கு முதல் வாக்கு. பரந்தனில் இருந்தோம். நொவெம்பர் 17, நான் முற்றத்தில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பகிஷ்கரிப்பு என்று புலிகள் சொல்லிவிட்டார்கள், ஒருவரும் போகவில்லை, போக நினைத்தாலும் போயிருக்க முடியாது. மகிந்த ராஜபக்ச, ரணிலை 1,80,786 வாக்கால் வென்றார். இந்த எண்ணை எனக்கு மனப்பாடமாக்கியது கொழும்பில் வேலை செய்தபோது கூட இருந்த சிங்கள நண்பர்கள்தான். "உங்கட ஆக்கள் வாக்குப் போட்டிருந்தால் ரணில்தான், யுத்தமே வந்திருக்காது" என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்வார்கள். அதனால்தான் நான் பகிஷ்கரிப்பு ஆள் இல்லை. கஜேந்திரகுமாரின் கட்சி இந்த முறையும் பகிஷ்கரிக்கச் சொல்கிறது. அவர்களோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை, விடுவோம்.

2010 சரத் பொன்சேகா, சின்னம் அன்னம். 2015 மைத்திரிபால, அன்னம். 2019 சஜித், அதுவும் அன்னம். ஆட்கள் மாறினார்கள், பறவை மாறவில்லை. மூன்று தடவை அன்னத்துக்குப் புள்ளடி போட்டது இந்தச் சனம். பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற பறவையாம். எங்களுக்கு இரண்டுமே வரவில்லை.

அந்த மூன்றில் 2010 ஐப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜனவரி 26. யுத்தத்துக்குப் பிறகு அடைத்த முகாமில் இருந்து எங்களை விட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டுத் திண்ணையில் இருந்தோம். அம்மாவிடம் இருந்த பெறுமதியான பொருள் என்றால் அடையாள அட்டைதான். கடைசி யுத்தம் நடந்த மாத்தளன் கடற்கரையில் இருந்து ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. ஓரம் உப்புத்தண்ணியில் ஊறி உப்பிப் போயிருந்தது. அன்னத்துக்குப் போடச் சொல்லிக் கட்சி சொல்கிறது என்று நான்தான் போய்ச் சொன்னேன். அம்மா கேட்டார்: "அது ஆர்?" சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த ஆமிப் பெரியவரே?" என்றார். ஓம், யுத்தம் நடத்தின தளபதிதான் என்றேன். "மகிந்தவைத் தோற்கடிக்க வேணுமாம் அம்மா." அம்மா சீலையை மாற்றிக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, போட்டுவிட்டு வந்தார். அவ்வளவு பெரிய மனசைக் காட்டிய ஒரு பொம்பிளையிடம், பதினாலு வருசம் கழித்து வந்து வாக்கை வீணாக்காதே என்று பாடம் எடுக்கிறார்கள்.

பொன்சேகா தோற்றார், சிறைக்கும் போனார். அந்த வாக்கு வீண் இல்லையாம். அவர் இந்த முறையும் நிற்கிறார் தெரியுமோ? பட்டியலில் பாருங்கள். அவருக்குப் போடுங்கள் என்று ஏன் ஒருவரும் எங்களிடம் வரவில்லை என்று எனக்கு ஒரே யோசனை.

2015 இல் வென்றோம், அது உண்மை. யுத்தத்தின் கடைசி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவரைத்தான் வெல்ல வைத்தோம், அதையும் மனசில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்சக் காணி விட்டார்கள், நான் மறுக்கவில்லை. புதிய அரசியலமைப்பு வருகுது வருகுது என்று தீபாவளிக்குத் தீபாவளி சொன்னார்கள். 2018 ஒக்டோபர் 26 இரவு அந்த ஜனாதிபதி மகிந்தவையே கூப்பிட்டுப் பிரதமராக்கினார். அன்றிரவு தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த என் முகத்தை யாராவது படம் எடுத்திருந்தால் இந்தத் தேர்தலுக்குச் சுவரொட்டியாக ஒட்டலாம்.

2019 இல் ஐந்து தமிழ்க் கட்சிகள் சேர்ந்து 13 கோரிக்கை எழுதின. பல்கலைக்கழகப் பெடியள் அலைந்து திரிந்து ஒரு மேசையில் இருத்திய கட்சிகள். பிரதான வேட்பாளர் எவரும் அதை ஏற்கவில்லை. ஏற்காத ஆளுக்கே போடச் சொன்னார்கள். போட்டோம். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் சஜித்துக்கு. கோட்டாபய வென்றார்.

இப்போது அதே சஜித், மாகாண சபைகளுக்கு அதிகாரம் தருகிற 13ஆவது திருத்தத்தை நடைமுறைப்படுத்துவாராம். 1987 இல் சட்டமானது. 37 வருசமாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிற ஒன்றை நடைமுறைப்படுத்துகிறேன் என்று சொல்வது வாக்குறுதியா? கடைக்காரன் "இந்தமுறை மிச்சக்காசு தருவன்" என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21. இப்போது ஜனாதிபதித் தேர்தலும் அதே செப்டெம்பர் 21. இடையில் பதினொரு வருசம், சபையின் காலம் 2018 இல் முடிந்தது, அடுத்த தேர்தலைக் காணோம்.

இங்கே ஒருவர் "அப்ப திசைகாட்டிக்குப் போடலாமே, அனுர வித்தியாசமான ஆள்" என்று எழுதப் போகிறார். எழுதுங்கள். ஊழலைப் பற்றி அனுர கதைக்கிறது எனக்கும் பிடிக்கும், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டது எந்தக் கட்சி என்று 2006 ஒக்டோபர் தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். அதற்காக ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால் அப்போது பார்ப்போம்.

இனி முக்கியமான விசயம். உங்கள் வாக்கு சங்குக்குப் போட்டால் செத்துப்போகாது. கணக்கே தெரியாமல் "வீண்" என்கிறார்கள், அல்லது தெரிந்துகொண்டே சொல்கிறார்கள். புள்ளடி போட்டால் ஒரு ஆளுக்குத்தான். ஆனால் 1, 2, 3 என்று எண் எழுதினால் விருப்பு வாக்கு. முதல் சுற்றில் ஒருவருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், முதல் இரண்டு பேரைத் தவிர மற்றவர்களுக்குப் போட்ட சீட்டுகளை எடுத்து, அதில் அந்த இரண்டு பேருக்கு இருக்கிற விருப்பு வாக்கை எண்ணுவார்கள். 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தலிலும் அதற்குத் தேவை வரவில்லை. இந்த முறை மூன்று பேர் இழுபடுகிறார்கள், வரலாம். ஆகவே நான் சங்குக்கு 1 எழுதி, சஜித்தின் தொலைபேசிக்கு 2 எழுதினால் யாருக்கு என்ன நட்டம்? சஜித்துக்கு உண்மையாகவே போட வைக்க வேண்டுமென்றால், வாசிகசாலைக்கு வந்து "தம்பி, ரெண்டாவதையாவது எங்களுக்குப் போடுங்கோ" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன். இப்போது மாட்டேன்.

எங்கள் பக்கத்திலும் சிலர் "சங்குக்கு மட்டும், இரண்டாவது யாருக்கும் வேண்டாம்" என்று சொல்லித் திரிகிறார்கள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால், மேலே எழுதியதை வாசித்துப் பார்த்தால் நானும் இப்போது அதைத்தான் செய்யப் போகிறேன் போலிருக்கிறது. கோபம்தான், வேறென்ன.

"தமிழனுக்குத் தமிழன் போடுவது இனவாதம்" என்று ஒரு நண்பர். இவர் 2019 இல் கோட்டாபய பதவியேற்ற இடம் சிங்கள மன்னர்களின் பழைய தலைநகர் அனுராதபுரம் என்பதைப் பற்றி ஒரு வரி எழுதியவர் இல்லை. அவருக்கு இவ்வளவு போதும்.

"குறைய வாக்கு விழுந்தால், தமிழருக்குக் கோரிக்கையே இல்லை என்று உலகத்துக்குக் காட்டினதாகிவிடும்" என்று இன்னொருவர். 2019 இல் இப்படித் தமிழர் சார்பில் நின்ற சிவாஜிலிங்கம் எடுத்த பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தை உதாரணம் காட்டுகிறார். நியாயமான பயம்தான். ஆனால் பயந்துகொண்டு கேட்காமலே இருந்தால் மட்டும் உலகம் என்ன நினைக்கப் போகிறது? 1982 இல் குமார் பொன்னம்பலம் தனியே நின்று 1,73,934 எடுத்தார். அதை மட்டும் ஏன் ஒருவரும் உதாரணம் காட்டுவதில்லை. சரி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லைத்தான், 22ஆம் திகதி காலமை பார்த்துக்கொள்வோம்.

அரியநேத்திரனை நிறுத்திய தமிழ்ப் பொதுக் கட்டமைப்பு ஒன்றும் புனிதமானது என்று நான் சொல்லவில்லை. ஏழு கட்சிகள், தேர்தல் முடிந்த அடுத்த கிழமை யார் யாரோடு முகம் பார்ப்பார்கள் என்று எனக்கும் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்தான் ஒருவன் மட்டக்களப்பு மனிசனுக்குப் போடப் போகிறான். இதைக்கூட ஒரு நல்ல விசயம் என்று சொல்ல வாய் வராதா உங்களுக்கு? அதுவும் அரியநேத்திரன் நேற்று முளைத்தவரா, உங்கள் தமிழரசுக் கட்சியின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர்தானே. உங்கள் எம்.பி. சிறீதரனும் அந்தப் பக்கம்தானே நிற்கிறார். உங்கள் வீட்டுச் சண்டையை எங்கள் வாசிகசாலைக்கு ஏன் கொண்டுவருகிறீர்கள்?

இன்னும் சங்குக்கு வரவில்லை நான்.

செத்தவீட்டில் சங்கு ஊதுவதுதான். சேமக்கலத்தோடு சேர்ந்து ஊதிக்கொண்டு முன்னுக்குப் போவார்கள், ஒழுங்கையில் நிற்கிற சைக்கிள்காரன் இறங்கி நிற்பான், கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்துவார். ஒரு மனிசன் போகிறான் என்று ஊருக்குச் சொல்கிற சத்தம் அது. அப்பாவுக்கு அதை ஊதவில்லை. 2009 ஏப்ரல். நானும் பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஒரு அண்ணையும், பங்கர் வெட்டிய அதே மண்வெட்டியால் மணலைத் தள்ளினோம். மணல் திரும்பத் திரும்பச் சரிந்து விழுந்தது. அம்மா கையால் அள்ளினார். திரும்பி வந்து இருந்தபோதுதான், எனக்கு இரண்டு செருப்பும் இல்லை என்று கண்டேன். ஊதுவதற்கு ஆள் இல்லை, ஊதினாலும் கேட்டிருக்காது.

அதனால் அந்தப் பகிடிக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. ரோசம் கூடிப்போச்சு என்று சொல்கிறவர்கள் சொல்லுங்கள். சிரித்தவர்களில் முன்வரிசையில் இருந்த இருவருக்கும் அதே கதைதான், அவர்கள் வீட்டிலும் ஊதவில்லை. அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தால் நாமும் சிரிப்போம், அப்படித்தான் இருக்கும். நானும் எத்தனை இடத்தில் சிரித்திருப்பேன்.

காணொளியை அம்மாவும் பார்த்துவிட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளை காட்டியிருக்கிறது. என்னைத்தான் ஏசினார், "பெரியாக்களோட ஏன் கதைக்கப் போறாய்" என்று. வாக்காளர் அட்டை அப்பாவின் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. யாருக்குப் போடப் போகிறார் என்று நான் கேட்கவில்லை, கேட்க மாட்டேன், அது அவருடைய வாக்கு. இன்று காலமை முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவர் திடீரென்று கேட்டார்:

"தம்பி, இந்தமுறை அன்னம் ஆரடா?"