கடைக்குப் போகிற வேலையை யார் தலையில் கட்டினோம்?

"கொரோனா வந்ததுல ஒரு நல்லது, கடைக்கு அலையுற வேலை மிச்சம்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அலைச்சல் அப்படியேதான் இருக்கிறது. அலைகிற ஆள் மட்டும் மாறிவிட்டார்.

சென்னைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், முந்தின நாள் கோயம்பேட்டில் ஊரே திரண்டது. அங்கே தொற்று பரவி, மே 5-ல் சந்தையையே மூடினார்கள். காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. செப்டம்பர் கடைசியில்தான் கோயம்பேடு திரும்பவும் திறந்தது. இடைப்பட்ட மாதங்களில் எங்கள் தெருவுக்குக் குட்டியானையில் காய் வர ஆரம்பித்தது. சவாரி இல்லாத ஆட்டோக்காரர்கள்கூடப் பின்சீட்டில் வெங்காய மூட்டையை ஏற்றிக்கொண்டு ஸ்பீக்கரில் விலை சொல்லிக்கொண்டே போனார்கள். இரண்டாம் மாடிப் பாட்டி கயிறு கட்டிப் பையை இறக்குவார். காசு போட்டால் காய் ஏறும், கூடவே கொசுறுக் கறிவேப்பிலையும். வாசலுக்கே கடை வரும் என்று நாம் பழகியது அப்போதுதான்.

இப்போது அந்தப் பழக்கத்தை ஆப்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் கொத்தமல்லிக் கட்டு. முன்பு வாரத்துக்கு ஒருமுறை பெரிய பையோடு போய் எல்லாவற்றையும் வாங்கி வருவோம். இப்போது காலையில் பால், மதியம் தயிர், சாயங்காலம் பிரெட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்டி வருகிறது. நாம் ஒரு நடையில் முடித்ததை மூன்று பைக் செய்கிறது. இதற்குப் பேர் பயணம் குறைந்ததாம்! டிராஃபிக்கைத் திட்டுகிறவர்களும் நாம்தான்.

பஸ் கதை வேறு மாதிரி. 2020 மார்ச் கடைசியில் நின்ற மாநகரப் பேருந்து செப்டம்பர் 1-ல்தான் ஓடியது. மெட்ரோ செப்டம்பர் 7-ல். புறநகர் ரயிலில் எல்லோரும் ஏற டிசம்பர் 23 ஆகிவிட்டது, அதிலும் ஆண்களுக்கு நேரக் கட்டுப்பாடு. அதற்குள் ஆபீஸ் போயே ஆகவேண்டிய ஆண்கள் கடனோ உடனோ வாங்கி ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் எடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் அப்படிப் போனவர்கள் யாரும் சீசன் டிக்கெட்டுக்குத் திரும்பவில்லை. மாதத் தவணை கட்டுகிற வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு யார் மின்சார ரயிலில் தொங்குவார்கள்?

பெண்களைத் திரும்பக் கூட்டிவந்தது கட்டணமில்லாப் பயணம். 2021 மே 8-ல் நடைமுறைக்கு வந்து, இரண்டே நாளில் இரண்டாம் அலை ஊரடங்கில் பஸ்ஸே நின்றுபோனது. ஜூன் 21-ல் சென்னையில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் முழுப் பலன். வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள், பூ விற்கிறவர்கள், ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்கள் இல்லாமல் இன்று சாதாரணப் பேருந்து கிடையாது. "ஓசி" என்று முணுமுணுக்கிற பைக் ஓட்டிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: அவர்களும் ஆளுக்கொரு ஸ்கூட்டி எடுத்திருந்தால் அண்ணா சாலையில் உங்கள் வண்டி நகர்ந்திருக்குமா?

சரி, ஆப்பையே மூடச் சொல்கிறேனா என்றால், இல்லை. முட்டி வலிக்கிற அம்மாவுக்கு அது பெரிய உதவி, நானும் ஆர்டர் போடுகிறேன். ஆப் வழியாக டெலிவரி போன்ற வேலை செய்கிற கிக் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 2023-ல் நலவாரியம் அமைத்தது, அதுவும் நல்லதே. ஆனால் நம் அடுக்ககங்களில் நடப்பது என்ன? "டெலிவரி ஆட்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது" என்று ஒட்டிவைத்திருக்கிறோம். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பையன் நான்காம் மாடிக்குப் படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே "ஓடிபி சொல்லுங்க சார்" என்கிறான். கிருமிக்குப் பயந்த காலத்தில் ஒட்டிய காகிதம். மாஸ்க்கைக் கழற்றிப் பல வருஷம் ஆகிறது, இதை மட்டும் கிழிக்க மனசு வரவில்லை.

இந்த மாத அசோசியேஷன் கூட்டத்தில் இதைக் கிளப்பப் போகிறேன். உங்கள் அடுக்ககத்தில் இந்த நோட்டீஸ் இருக்கிறதா, எடுத்துவிட்டீர்களா? கமெண்ட்டில் சொல்லுங்கள், அங்கே பேச எனக்கு உதவும்.