இனத்துக்காக அல்ல, உறவுக்காக

தங்கள் இனம் அழியாமல் இருக்கவே விலங்குகள் ஒன்றுக்கொன்று உதவித் தியாகம் செய்கின்றன என்று பலர் சொல்வதுண்டு. இது சரியல்ல. இயற்கைத் தேர்வு இனத்தின் நன்மையைப் பார்ப்பதில்லை. உதவத் தூண்டும் மரபணுவின் நகல்கள் அடுத்த தலைமுறையில் கூடுகின்றனவா என்பதுதான் கணக்கு.

1964இல் பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் இதைச் சமன்பாடாகவே தந்தார். உதவி பெறுபவரின் இனப்பெருக்க லாபத்தை உறவு விகிதத்தால் (பொது முன்னோரிடமிருந்து வந்த மரபணுக்களை இருவரும் எந்த அளவு பகிர்கிறார்கள் என்பது) பெருக்குங்கள். உதவுபவரின் இழப்பைவிட அது பெரிதானால் அந்தப் பண்பு பரவும். உடன்பிறப்புக்கு 1/2, ஒன்றுவிட்ட சகோதரருக்கு 1/8. ஒரு பறவை தன் ஒரு குஞ்சை இழந்து, உடன்பிறப்புக்குக் கூடுதலாக மூன்று குஞ்சுகள் பிழைத்தால் 1.5, இழப்பு 1, தேறும். அதே உதவி ஒன்றுவிட்ட உறவுக்குப் போனால் 0.375தான், தேறாது.

பலரும் சறுக்குவது இங்கே: 'மனிதர் எல்லோருக்கும் 99 சதவீதத்துக்கு மேல் டிஎன்ஏ ஒன்றுதானே, பிறகு 1/2 எப்படி?' கூட்டத்தின் சராசரியைவிட எவ்வளவு அதிகம் பகிர்கிறோம் என்பதையே அந்த விகிதம் அளக்கிறது. எல்லோரிடமும் இருப்பது கணக்கில் வராது.

தேனீச் சகோதரிகளுக்கிடையே உறவு விகிதம் 3/4 என்று வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணத்துக்கும் திருத்தம் தேவை. அந்த 3/4 என்பது ராணி ஒரே ஆணுடன் சேர்ந்தால் மட்டுமே. தேனீ ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களுடன் சேர்வதால் சராசரி 0.3 அருகே இறங்கிவிடும். வேலைக்காரத் தேனீ ஒன்று முட்டையிட்டால் மற்றவை தின்றுவிடுவதற்கும் இதுவே முக்கியக் காரணம்: சகோதரியின் மகனைவிட ராணியின் மகன் அவற்றுக்கு நெருங்கிய உறவு.

விலங்குக்குக் கணக்குத் தெரியவேண்டியதில்லை. 'என் கூட்டில் இருப்பதற்கு ஊட்டு' என்ற எளிய விதியே பெரும்பாலும் போதும். குயில் ஏமாற்றுவது அந்த விதியைத்தான்.