விலை கூடிய டிஸ்க் வாங்கினாலும் பாடாது

அண்ணே, பழைய ரேடியோ செட்டில் எம்பி3 சிடி ஓடாததற்கு மலிவு டிஸ்க்தான் காரணம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நல்லதா வாங்கி பர்ன் பண்ணுங்கள் (பதியுங்கள்) என்று மேலே போட்டிருக்கிறீர்கள். காசுதான் வீண். அந்த செட்டுக்கு ஆடியோ சிடி மட்டும்தான் தெரியும்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், சுருக்காத ஒலி. எம்பி3 என்பது சுருக்கிய ஒலி; அதை விரித்துப் படிக்கும் சில்லு உள்ளே இல்லையென்றால் தங்க டிஸ்க்கிலும் பாடாது. முன்பக்கம் எம்பி3 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையா? பர்ன் பண்ணும்போது கோப்புகளை அப்படியே பதியும் டேட்டா டிஸ்க்கை விட்டு ஆடியோ சிடியைத் தேர்ந்தெடுங்கள். அதே மலிவு சிடி-ஆர் (ஒரு முறை மட்டும் பதியும் டிஸ்க்) பெரும்பாலும் ஓடிவிடும். என்ன, 80 நிமிடம்தான் கொள்ளும். எம்பி3-ஐ டேட்டாவாக, 128 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 128 கிலோபிட்) போட்டால், 12 மணி நேரம் கொள்ளுமே, அந்தச் சுகம் போச்சு! டிஸ்க்கைக் குறை சொல்வதென்றால் அழித்து அழித்துப் பதியும் சிடி-ஆர்டபிள்யூவைச் சொல்லலாம். அது பிளேயரின் லேசர் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும். பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்காது.