நட்சத்திர மீனை வெட்டினா ஒவ்வொரு துண்டும் புதுசா வளருமா?

ஸ்டார்ஃபிஷ்ஷ எத்தனை துண்டா வெட்டினாலும் அத்தனையும் புது உயிரா வளரும், அதுக்கு சாவே கிடையாதுன்னு ஒரு வீடியோ சுத்திட்டு இருக்கு, தயவுசெஞ்சு நம்பாதீங்க. லிங்கியா மாதிரி சில இனங்கள்ல மட்டும்தான் ஒத்தக் கையில இருந்து முழு உடம்பும் வளரும். அந்த வீடியோல காட்டுறது பைசாஸ்டர் ஓக்ரேசியஸ், அலாஸ்கால இருந்து மெக்சிகோவோட பாஹா கலிஃபோர்னியா வரைக்கும் அலை அடிக்கிற பாறையில ஒட்டிக்கிட்டு வாழுறது, ஊதா ஆரஞ்சு பிரவுன்னு கலர் மாறினாலும் எல்லாம் ஒரே இனம்தான். இதுக்கு கை போனா உடம்புல மெதுவா புதுக்கை முளைக்கும், ஆனா அறுந்து விழுந்த கை செத்துரும். 2013ல பரவ ஆரம்பிச்ச நோயில இதுங்களுக்கு கை கையா கழண்டு விழுந்துச்சு, வீடியோ சொல்றது நிஜம்னா கடற்கரையே நிரம்பியிருக்கணும், ஆனா கூட்டம் கூட்டமா செத்துதான் போச்சு.

இது போனா போகட்டும்னு விடுற உயிரும் இல்ல. வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில ராபர்ட் பெய்ன்ங்கிற சூழலியல் விஞ்ஞானி 1963ல இருந்து ஒரு பாறைப் பகுதியில இத மட்டும் எடுத்துப் போட்டுக்கிட்டே இருந்தாரு, இது தின்னு கட்டுப்படுத்தி வச்சிருந்த மட்டி பெருகி இடத்தப் பிடிச்சு மத்த உயிர்கள விரட்டிருச்சு, 15 இனம் இருந்த இடத்துல 8தான் மிஞ்சுச்சு. பாறையில இருந்து பிடுங்கினாலே அது ஒட்டிக்கிறதுக்கு அடியில வச்சிருக்குற குட்டிக் குட்டி குழாய்க்கால் பிய்ஞ்சு போகும், வெட்டிப் பாக்குறதெல்லாம் கொலைதாங்க.