1.45 வோல்ட்டைப் போட்டது யார் கை?

நம் ஓவர்கிளாக் குரூப்பில், அதாவது ப்ராசசரைக் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுகிறவர்கள் குரூப்பில், நேற்று நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் போடப் போவதில்லை. அந்தத் தம்பியின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஆனால் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தம்பியுடையது இன்டெல் 12600கே ப்ராசசர். யாரோ ஒருத்தர் வீடியோவில் 5.3 கிகாஹெர்ட்ஸ், 1.45 வோல்ட் என்று காட்டியதைப் பார்த்துத் தம்பி அப்படியே பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் இடம்) அடித்திருக்கிறார். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் ப்ளூ ஸ்கிரீன், விண்டோஸ் கரப்ட், அக்காவின் ப்ராஜெக்ட் ஃபைல் திறக்கவில்லை. இத்தனைக்கும் காரணம் யார் என்றால், குரூப்பில் இவ்வளவு காலம் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்த அண்ணனாம். "நீங்க சொல்லித்தானே ஆரம்பிச்சேன், இப்ப யார் காசு தருவா?" என்று நாற்பது வரிக்குத் திட்டு. அண்ணன் பதில் சொல்லவில்லை. குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார்.

அண்ணன் என்ன சொன்னார் என்பது கமெண்ட்டில் இன்னும் இருக்கிறது, போய்ப் படித்துப் பாருங்கள். தம்பி கேட்கிறார்: "அண்ணே, 5.1 ஓடுது, 5.3 போலாமா?" அண்ணன் பதில்: "போகாத தம்பி. உன் கூலருக்கு 5.1-ஏ அதிகம். வோல்டேஜ 1.3-க்கு மேல ஏத்தாத. வெயில் குறையட்டும், பார்த்துக்கலாம்." இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்? அந்தப் பதிலுக்குத் தம்பியே லைக் போட்டிருக்கிறார். போட்டுவிட்டுத்தான் 1.45 போயிருக்கிறார்.

ஓவர்கிளாக் பண்ணுவது நீங்கள் எடுக்கிற முடிவு. ஓடினாலும் உங்களுடையது, செத்தாலும் உங்களுடையது. ஓடும்போது "என் 5.3" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர், நின்றுபோனால் "உங்க 5.3" என்று சொல்லக் கூடாது.

ஏன் 1.45 ஆபத்து என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ப்ராசசர் கக்கும் சூடு, வேகம் கூடக் கூட அதே விகிதத்தில் கூடும். வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்தில் கூடும். 1.25 வோல்ட்டில் 4.9 ஓடுவதை 1.45-இல் 5.3 ஆக்கினால், வேகம் 8 சதவீதம்தான் கூடுகிறது. சூடோ ஏறத்தாழ 45 சதவீதம் கூடுகிறது. 8 சதவீத வேகத்துக்கு 45 சதவீதச் சூடு. அந்த வீடியோக்காரர் ஏசி அறையில், தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் கஸ்டம் வாட்டர் லூப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நம் ஊரில் மே மாதம் மாடி அறை 36 டிகிரி. அங்கே 22 டிகிரி அறையில் 88-இல் நிற்கும் ப்ராசசர், அதே கூலரோடு இங்கே வந்தாலே 100-ஐத் தொடும். 100 என்பது அந்தச் சில்லின் உச்ச வரம்பு. தொட்டவுடன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, தம்பி ஸ்டேட்டஸில் போட்ட 5.3, லோடு கொடுத்தால் 5.3-ஆக ஓடியிருக்கவே வாய்ப்பில்லை.

கூலர் விஷயத்திலும் அண்ணன் சொல்லிப் பார்த்தார். "லைட்டு அப்புறம் பார்த்துக்கலாம், இரட்டை டவர் கூலர் வாங்கு" என்றார். தம்பி கலர் லைட் எரியும் ஆர்ஜிபி ஃபேன் ஆறு வாங்கினார்.

"சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான், விடுங்க" என்று இன்பாக்ஸில் மூன்று பேர். சின்னப் பையன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரியாமல் பண்ணினான் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. தெரியாதவனாக இருந்தால் கேட்டிருக்க மாட்டான். கேட்டான், பதில் வந்தது, படித்தான், மீறினான். பயாஸே அந்த எண்ணைச் சிவப்பில் காட்டி எச்சரித்திருக்கும், அதையும் தாண்டி சேவ் கொடுத்திருக்கிறான். அதற்கப்புறம் தன் ப்ராசசர் போன துக்கத்தை, உதவி செய்தவர் தலையில் கொட்டினான் பாருங்கள், அது வயசுக் கோளாறு இல்லை. எனக்கும் அந்த வயசு இருந்தது.

1999 வாக்கில் செலரான் 300ஏ என்று ஒரு ப்ராசசர். பழைய ஆட்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மலரும். 300 மெகாஹெர்ட்ஸுக்கு விற்றது. மல்டிப்ளையர், அதாவது பஸ் வேகத்தைப் பெருக்கும் எண், 4.5, மாற்ற முடியாது. பஸ் வேகம், அதாவது போர்டின் அடிப்படை வேகம், 66. போர்டில் அந்த 66-ஐ 100 ஆக்கினால் ப்ராசசர் 450-க்குத் தாவும். பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய பென்டியம் 2-வுக்குப் பக்கத்தில் நிற்கும். ஊரெல்லாம் இதே பேச்சு. என் நண்பனும் நானும் சென்னை ரிச்சி தெருவில் ஒரே கடையில், ஒரே நாளில் ஆளுக்கொன்று வாங்கினோம். அவனுடையது முதல் தடவையிலேயே 450. என்னுடையது 450-இல் விண்டோஸ் 98 லோகோ வரை வந்து, அந்த மேகப் படத்திலேயே உறைந்துவிடும். 75 பஸ்ஸில் 337 நின்றது. 83 வைக்கலாம் என்றால் ஹார்ட் டிஸ்க்கையும் கார்டுகளையும் இணைக்கும் பிசிஐ பஸ்ஸும் சேர்ந்து ஏறும், ஹார்ட் டிஸ்க்கில் டேட்டா கெடும். அதனால் 337-இலேயே நிறுத்திக்கொண்டேன்.

வயிற்றெரிச்சல் இருந்ததா? இருந்தது. கடைக்குப் போய், "அண்ணே, அவன் சில்லு 450 ஓடுது, என்னுது ஓடல" என்றேன். கடைக்காரர் கோபப்படவில்லை. "தம்பி, பெட்டியில என்ன போட்டிருக்கு?" என்றார். "300." "300 ஓடுதா?" "ஓடுது." "அதுக்குத்தான் நீ காசு கொடுத்த." அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஏமாற்றமாக இருந்தது, ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. ஒரே மாடலில் ஒரு சில்லு நன்றாக வரும், அடுத்தது சுமாராக வரும். உற்பத்தியே அப்படித்தான். எல்லாச் சில்லுக்கும் பொதுவாக உத்தரவாதம் தர முடிகிற வேகத்தைத்தான் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். அதற்கு மேல் கிடைத்தால் யோகம். கிடைக்கவில்லை என்றால் உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

"கம்பெனியே கே சீரிஸ், அன்லாக்டு, ஓவர்கிளாக் பண்ணலாம்னுதானே விளம்பரம் பண்றான்?" என்கிறார்கள். பூட்டு போடாமல் விற்கிறான், அவ்வளவுதான். எவ்வளவு தூரம் போகும் என்று எங்கேயும் எழுதித் தரவில்லை. ஓவர்கிளாக்கில் போனாலும் மாற்றித் தருகிறேன் என்று இன்டெல் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு ஒரு பாதுகாப்புத் திட்டமே வைத்திருந்தது. 2021-இல் அதையும் நிறுத்திவிட்டது. சாதாரண வாரண்டியில் இது வராது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கைப் போடுவதைக்கூட அவர்கள் ஓவர்கிளாக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர் விவகாரத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களுக்கு: அது நியாயமான கோபம். அந்த மக்கள் எதையும் தொடவில்லை. வாங்கினார்கள், மாட்டினார்கள், டிஃபால்ட்டில் ஓட்டினார்கள். சில்லே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் கெட்டுப்போனது. கம்பெனி 2024-இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (ப்ராசசரின் உள் நிரல்) அப்டேட் கொடுத்து, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. 2023-இல் ஏஎம்டி 7800எக்ஸ்3டி சில கருகியபோதும் ப்ராசசரின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3-க்குள் அடக்கிப் புது பயாஸ் வந்தது. அங்கே தப்பு விற்றவன் பக்கம், சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் இங்கே வோல்டேஜை ஏற்றியது கம்பெனியா? அண்ணனா? ஒரே ஒரு கை. கீபோர்டில் 1.45 என்று அடித்த கை.

"உங்களுக்கென்ன, காசு இருக்கு, போனா வேற வாங்குவீங்க" என்று ஒரு கமெண்ட். என் கணக்கு வழக்கு அவருக்குத் தெரியாது. தெரியாமல் பேச வேண்டாம்.

எனக்கு உண்மையில் வலிப்பது ப்ராசசர் இல்லை. அந்த அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து முகம் தெரியாத பிள்ளைகளுக்குப் பதில் எழுதுவார். ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறார், நேரில் பார்த்திருக்கிறேன். தேதி, அறை வெப்பம், மல்டிப்ளையர், வோல்டேஜ், ஓசிசிடி என்கிற சோதனை சாஃப்ட்வேர் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த கோர் முதலில் எரர் கொடுத்தது, எல்லாம் பேனாவில். ஒரு படி ஏற்றுவார், ராத்திரி முழுக்க ஓட விடுவார், காலையில் பார்த்து எழுதுவார், அப்புறம்தான் அடுத்த படி. நாம் ஒரு வரியில் கேட்டு ஒரு நிமிஷத்தில் வாங்கிப் போன பதில்களெல்லாம் அந்த நோட்டிலிருந்து வந்தவை. யாராவது ஒரு ரூபாய் கொடுத்திருக்கிறோமா? நன்றி என்று எத்தனை பேர் எழுதினோம்? நேற்று அவரை அந்தப் பையன் "ஃபிராடு" என்று எழுதியபோது, அவரிடம் பதில் வாங்கி மெஷின் கட்டின எத்தனையோ பேர் ஆன்லைனில் இருந்தீர்கள். பச்சைப் புள்ளி எரிந்தது, நான் பார்த்தேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

திறந்த ஒன்றிரண்டு பேரும் என்ன சொன்னீர்கள்? "பயாஸை ரீசெட் பண்ணிடு, டிஃபால்ட்லதான் ஓட்டினேன்னு சொல்லி வாரண்டில மாத்திக்கோ." அதற்கு அறுபதுக்கு மேல் லைக். இது திருட்டு ஐயா. வேறு பெயர் இல்லை இதற்கு. அப்படிப் பொய் சொல்லிக் கொடுத்த ப்ராசசரை வாங்கி வைத்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரோடு மல்லுக்கட்டப் போவது கடைக்காரர். நாளைக்கு நிஜமாகவே டிஃபால்ட்டில் போன ஒருவன் ஆர்எம்ஏ-வுக்கு, அதாவது வாரண்டியில் மாற்றிக் கேட்க, போய் நின்றால் அவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அவனிடம்தான் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், வாரக்கணக்கில் இழுப்பார்கள். 2024-இல் எத்தனை பேர் டிஃபால்ட்டில்தான் ஓட்டினேன் என்று நிரூபிக்க அலைந்தார்கள், மறந்துவிட்டதா?

தம்பிக்கும் ஒன்று. எல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்டாதே. முதலில் சிமாஸ் கிளியர் பண்ணி பயாஸ் செட்டிங்ஸை அழி, டிஃபால்ட்டில் போடு, எக்ஸ்எம்பியையும் எடுத்துவிட்டு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு ராத்திரி ஓட்டு. ப்ராசசர் பிழைத்திருக்கவும் கூடும். விண்டோஸ் கெட்ட டிஸ்க்கில் எதையும் எழுதாதே, வேறு மெஷினில் மாட்டி அக்காவின் ஃபைலை முதலில் எடு. டிஃபால்ட்டிலும் நிற்கவில்லை என்றால் கடையில் போய் உள்ளதைச் சொல். ஓவர்கிளாக் பண்ணினேன், போய்விட்டது என்று சொல்.

அந்த லைக் பட்டியலில் என் நண்பர் வட்டத்தில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். உங்களை நான் பிளாக் பண்ணப் போவதில்லை. பொய் சொல்லி மாற்றிக்கொள்வது எப்படிச் சரி என்று கீழே வந்து உங்கள் பெயரில் எழுதுங்கள். ஒரு கமெண்ட்டையும் அழிக்க மாட்டேன்.