பக்கவாதம் வந்தவர் மாதக்கணக்கில் படுத்தே இருக்க வேண்டுமா?

“பக்கவாதம் வந்தவரை மூன்று மாதம் அசையாமல் படுக்க வையுங்கள், பயிற்சி கொடுத்தால் மூளையில் மறுபடி ரத்தக்குழாய் வெடிக்கும்” என்றொரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அது நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. சளி கட்டி நிமோனியா வரலாம், படுக்கைப் புண் வரலாம், மூட்டுகள் இறுகிவிடலாம்.

செய்தியில் ஒரு துளி உண்மை உண்டு. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடமாட வைப்பது நல்லதல்ல என்று 2,104 நோயாளிகளிடம் நடந்து, 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வு காட்டியது. ஆனால் அந்த ஆய்வு மாதக்கணக்கில் படுக்கச் சொல்லவில்லை. உடல்நிலை சீரானதும் சிறிது சிறிதாகப் பயிற்சி தொடங்குவதுதான் சரி. எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவர் ரத்த அழுத்தத்தையும் பார்த்து முடிவு செய்வார்.

மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் உள்நோயாளியாகச் சேர்ப்பது கைகால் பயிற்சிக்கு மட்டுமல்ல. விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். பேச்சு, குளியல், உடை மாற்றுவது எல்லாவற்றுக்கும் அங்கே பயிற்சி உண்டு. மனச்சோர்வு மிகச் சாதாரணமாக வரும், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

அப்புறம், முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது நிஜம். அதற்குப் பிறகும் அது நின்றுவிடுவதில்லை. வீடு திரும்புமுன், நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் முறையைக் குடும்பத்தில் ஒருவராவது செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.